ஏழு மணித் திரை

காலை ஏழு மணிக்கு நம் எல்லோருடைய சமையலறைத் திரைகளும் திறந்திருக்கும். இந்தக் குடியிருப்பில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான். பாதையின் கோடியில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் கண் விழிக்கும். ஒரு கை தெரியும். சீவாத ஒரு தலை தெரியும். யாராவது கொட்டாவி விட்டுக்கொண்டே கையை ஆட்டுவார்கள்.

கரண்டி என்னிடம் வந்துவிட்டது. நான் கீழே வைக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. இதுவும் நான் கொண்டுவந்த விதிதான். முதல் கூட்டம் என் வாடகை வீட்டில் நடந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினீர்கள். நான் சமையலறைக்குப் போய் இந்த மரக்கரண்டியை எடுத்து வந்து, "இது யார் கையில இருக்கோ அவங்க மட்டும் பேசலாம்" என்றேன். தையல்காரர், "பேச்சை நிறுத்தலைன்னா இதாலேயே ரெண்டு போடலாம், இல்லையா?" என்று கேட்டார். சிரித்தோம். அப்போது நமக்கு நிலம்கூடக் கிடைத்திருக்கவில்லை.

இன்றைய தீர்மானத்தைக் கணக்கு டீச்சர் வாசித்துவிட்டார். திரை விதியை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாக வீட்டுக்கு வீடு அவசர மணி பொருத்த வேண்டும். அவர் சொன்ன காரணம் எல்லோருக்கும் சரியாகப் பட்டது. "சிஸ்டர் உள்ளே செத்துக்கிட்டு இருந்திருக்காங்க. திரை பாட்டுக்குத் திறந்தே கிடந்திருக்கு. நாம எல்லாரும் கையை ஆட்டிட்டுப் போயிருக்கோம். இதுக்கு எதுக்குங்க ஒரு விதி?"

பச்சை அட்டைகள் உங்கள் மடியில் தயாராக இருக்கின்றன. அவற்றைத் தூக்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திரை விதி தோற்கவில்லை.

புதிதாக வந்த தம்பதிக்குப் பழைய கதை தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டட வரைபடம் போடுவது என் தொழில். அதனால்தான் எல்லோரும் என்னை பிளான் அக்கா என்கிறீர்கள். மற்றவர்களின் வீடுகளை வரைந்தே பாதி வாழ்க்கை போயிற்று. ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்: பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படக் கூடாது. பெரிய மதில், கறுப்புக் கண்ணாடி, பின்பக்கம் திரும்பிய சமையலறை. வரைந்து கொடுத்தேன். அவர் இறந்த பிறகு, அதாவது என் கணவர் இறந்த பிறகு, அதே மாதிரி ஒரு வீட்டில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

அவர் படுத்த படுக்கையாக இருந்த வருடம் ஊசி போட வந்தவள்தான் சிஸ்டர். அவர் போன பிறகும் அவள் வருவதை நிறுத்தவில்லை. பணி முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, "டீ போடு, கால் செத்துப்போச்சு" என்பாள். "சிஸ்டர்னு மரியாதையா கூப்பிட்டுட்டு வாடி போடின்னு பேசுற ஒரே ஆள் நீதான்" என்றும் சொல்வாள். நான் ஒரு தாளில் சேர்ந்து வாழ்கிற ஒரு குடியிருப்பை வரைந்து காட்டியபோது, முதலில் பார்த்தவள் அவள்தான். சிறிய வீடுகள், நடுவில் பாதை, பாதையைப் பார்த்தபடி எல்லாச் சமையலறைகளும். எல்லோரும் சேர்ந்து சாப்பிட ஒரு பொது வீடு. அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாருக்கு. பாத்திரம் யார் கழுவுறது?" என்றாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். நிலம் தேடி அலைந்தோம். பாதிப் பேர் விலகினார்கள். வேறு பாதிப் பேர் வந்தார்கள். கழிவுநீர்க் குழாய்க்காகச் சண்டை போட்டோம். செங்கல் நிறத்துக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. எல்லாவற்றையும் சம்மதத்தால் முடிவு செய்தோம். பச்சை என்றால் சரி. சிவப்பு என்றால் கூடாது. ஒரே ஒரு சிவப்பு போதும், தீர்மானம் நின்றுவிடும். சிவப்பு தூக்கியவருக்கு மூன்று நாள் அவகாசம். அதற்குள் மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஆனால் யாரும் அவரை நெருக்கக் கூடாது. நெருக்கி வாங்கிய சம்மதம் சம்மதம் இல்லை. இந்த வரியை நான்தான் எழுதினேன். கணக்கு டீச்சர் எழுத்துப் பிழை திருத்தினார்.

பாதையின் கோடியில், என் வீட்டுக்கு நேர் எதிரே, கடைசி வீடு. அதை என் தம்பிக்காக வரைந்தேன். இதை நான் யாரிடமும் மறைக்கவில்லை.

தம்பி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். பிறகு குடித்தான். பிறகு லாரி போயிற்று. பிறகு குடியை நிறுத்தினான். நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊரின் மறுபக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான். நான் தினமும் போவேன். போனதும் வாயை ஊதச் சொல்வேன். சிரித்துக்கொண்டே ஊதுவான். பையைத் திறந்து காட்டுவான். கட்டிலுக்கு அடியில் நான் குனிந்து பார்க்கும்போது காலைத் தூக்கிக்கொள்வான். எங்களுக்குள் அவ்வளவு பிரியம்.

பிளானைக் காட்டியபோது என் ஜன்னலிலிருந்து அவன் ஜன்னலுக்கு விரலால் ஒரு கோடு இழுத்தான். "ஏன்க்கா, என் சட்டியில என்ன வேகுதுன்னு உன் வீட்டுல இருந்தே பார்க்கலாம் போலிருக்கே" என்றான். "உப்புப் பத்தலைன்னா அங்கேயிருந்தே சொல்லுவேன்" என்றேன். சிரித்தான்.

அவனைச் சேர்க்கும் தீர்மானம் வந்த நாளில் நீங்கள் எல்லோரும் பச்சை தூக்கினீர்கள். அதை நான் மறக்கவில்லை. பச்சைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு இருந்தது. முதலில் சிஸ்டர் அட்டையை மாற்றி எடுத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த தையல்காரர்கூட, "சிஸ்டர், கலரைப் பாருங்க" என்றார்.

அவள் கரண்டியை வாங்கிக்கொண்டாள். "குடியை விட்டு ஒரு வருஷம்தான் ஆகுது. இங்கே குழந்தைங்க இருக்காங்க. ஆஸ்பத்திரியில நான் பார்த்தது போதும்" என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள். என் கணவருக்கு எந்தக் கையில் நரம்பு கிடைக்கும் என்று தெரிந்தவள். என் வீட்டில் எந்த டப்பாவில் சர்க்கரை இருக்கிறது என்று கேட்காமல் எடுப்பவள். ஒரு நர்ஸ் சொன்னால் யார் மறுப்பார்கள்?

மூன்று நாளும் பொது வீட்டு மாடியில் அவள் இருந்த அறைக்குப் போனேன். நெருக்கவில்லை. உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். "ஏன்னு மட்டும் கேக்காதே" என்றாள். மூன்றாம் நாள் சாயங்காலம் தம்பியே போன் செய்தான். "விடுக்கா. எனக்கு இந்த ரூமே பழகிடுச்சு. சிஸ்டர் மேல கோபப்படாதே." அவ்வளவு பெரிய மனம் அவனுக்கு.

அந்த மழைக்காலத்தில் அவன் செத்துப்போனான். எனக்கு முட்டியில் நீர் கோத்துக்கொண்டு நடக்க முடியாமல் இருந்த வாரம் அது. அவன் போனை எடுக்கவில்லை. சார்ஜ் போட மறந்திருப்பான் என்று நினைத்தேன். பக்கத்து அறைக்காரருக்கு வாடை வந்த பிறகுதான் கதவை உடைத்தார்கள். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே கிடந்தான். மாரடைப்பு என்றார் டாக்டர். உடனே போகவில்லை, கொஞ்ச நேரம் இருந்திருப்பான் என்றும் சொன்னார். தரையில் அவன் நகர்ந்த தடம் இருந்தது.

இங்கே இருந்திருந்தால் நான் பார்த்திருப்பேன். அதற்காகத்தான் அந்த ஜன்னலை அங்கே வைத்தேன்.

அடுத்த கூட்டத்தில் திரை விதியைக் கொண்டுவந்தேன். காலை ஏழு மணிக்குத் திரை திறந்தால் நலம். திறக்கவில்லை என்றால் எதிர் வீட்டுக்காரர் போய்ப் பார்க்க வேண்டும். அதற்காக எதிர் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருக்கும். இருட்டியதும் திரையை மூடிவிட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் அது திறந்ததா, முந்தின நாளே திறந்து கிடந்ததா என்று தெரியாது. பாருங்கள், அந்த ஓட்டையையும் அன்றைக்கே அடைத்திருந்தேன். முதல் பச்சையைத் தூக்கியவள் சிஸ்டர். அவள் கண் கலங்கியிருந்தது. நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்.

பிறகு அவள் பொது வீட்டு மாடியில் இருக்க முடியாமல், படி ஏற மூச்சு வாங்குகிறது என்று சொல்லி, கடைசி வீட்டைக் கேட்டாள். அதற்கு முதல் பச்சை என்னுடையது. எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு என்று கணக்கு டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மனசைப் பற்றி யோசிக்கவில்லை. வீடு காலியாக இருந்தது, கேட்டாள், விதிப்படி கொடுத்தோம்.

அப்படி அவள் என் எதிர் வீட்டுக்காரி ஆனாள். அவள் சாவி என்னிடம், என் சாவி அவளிடம். மூன்று வருடம் தினமும் காலையில் தம்பியின் ஜன்னலில் அவள் முகம் வந்தது. ஸ்பூனை ஆட்டி, டீ குடித்துவிட்டாயா என்று சைகையில் கேட்பாள். குடித்துவிட்டேன் என்று தலையாட்டுவேன்.

இனிமேல் சொல்லப்போவது பழைய ஆட்களுக்கும் புதியது.

அன்றைக்கு அவள் திரை திறக்கவில்லை. விதிப்படி கொஞ்சம் பொறுத்தேன். தட்டினேன். சாவியைப் போட்டுத் திறந்தேன். அவள் சமையலறைத் தரையில், அடுப்புமேடையை ஒட்டிக் கிடந்தாள். கால் ஒன்று தவறான பக்கம் திரும்பியிருந்தது. நினைவு தெளிவாக இருந்தது. நர்ஸ் அல்லவா. பதறவில்லை.

"வந்துட்டியா? இடுப்பு போச்சுன்னு நினைக்கிறேன். என்னைத் தூக்காதே. மேடை மேல போன் இருக்கு, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அப்புறம் ஒரு வாய் தண்ணி கொடு."

தண்ணீர் கொடுத்தேன். தலைக்கு ஒரு துண்டை மடித்து வைத்தேன். அந்தத் துண்டைப் பார்த்துவிட்டுத்தான், பாவம், வலியோடு தானே மடித்து வைத்திருக்கிறாள் என்று நீங்கள் பேசிக்கொண்டீர்கள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அவள் நடமாடிக்கொண்டிருந்தபோது எத்தனையோ தடவை கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது.

"என் தம்பியும் இப்படித்தான் கிடந்திருப்பான், இல்லையா சிஸ்டர்?"

அவள் என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"முதல்ல போனை எடுடி."

"ஏன் சிவப்பு தூக்கினே?"

கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள். "அவன்தான் தூக்கச் சொன்னான். முந்தின நாள் ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நின்னான். 'அக்கா எதிர்ல இருந்தா தினமும் எழுந்து நான் குடிக்கலைன்னு அவளுக்குக் காட்டணும் சிஸ்டர். நாலு நாள்ல மறுபடி பாட்டிலைத் தூக்கிடுவேன். நானா வரலைன்னு சொன்னா அவ தாங்க மாட்டா. நீங்க தடுத்துடுங்க, பழி உங்க மேல போகட்டும்'னான். உன்கிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டான். அவனுக்கு உன் மேல கோபம் இல்லைடி. பயம்."

நான் இதை நம்பவில்லை. நம்பியிருந்தால் கோபம் வந்திருக்கும். எனக்குக் கோபம் வரவில்லை. என் தம்பி என்னிடம் எதையும் மறைத்ததில்லை. மறைக்க நான் விட்டதும் இல்லை. வலியில் கிடப்பவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். இறந்தவன் மேல் பழி போட்டால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? ஆனால் சொன்ன சொல்லைச் சும்மா விடவும் முடியாது.

"சொன்னதைத் திரும்ப வாங்கிக்கோ" என்றேன். "மூணு நாள் இருக்கு. அவசரமில்லை."

அவளுக்குப் புரியவில்லை. அல்லது புரிந்தது. நான் எழுந்து ஜன்னலிடம் போனபோது அவள் முகம் மாறியது.

"திரை எதுக்கு இப்போ?"

அந்த ஜன்னலை நெஞ்சு உயரத்தில் வரைந்திருந்தேன். நிற்கிற ஆள் தெரிய வேண்டும், தரையில் கிடக்கும் குப்பை தெரியக் கூடாது என்று நீங்கள்தான் கேட்டீர்கள். ஏழு மணி ஆகிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. திரையைத் திறந்தேன். கணக்கு டீச்சர் பிள்ளைகளோடு பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னைக் கவனிக்கவில்லை. திரையைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் குனிந்துகொண்டேன். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன். போனை நான் தொடவே இல்லை. அது மேடை மேலேயேதான் இருந்தது.

அன்றைக்குப் பொது வீட்டில் என் சமையல் முறை. நன்றாக இருந்தது என்றீர்கள். "சிஸ்டர் சாப்பிட வரலையே?" என்று யாரோ கேட்டார்கள். "காலையில பார்த்தேன், படுத்திருக்கா" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

இருட்டியதும் போய்த் திரையை மூடினேன். தண்ணீர் கொடுத்தேன். திரும்ப வாங்கிக்கிறியா என்று கேட்டேன். "உண்மையை எப்படிடி வாங்கிக்கிறது?" என்றாள். அவளுடைய பிடிவாதம் உங்களுக்கும் தெரியும். மறுநாள் காலையில் திறந்தேன். இருட்டியதும் மூடினேன். அந்த வீட்டுக்கு மறுபக்கம் சைக்கிள் கொட்டகைதான். அவள் கூப்பிட்டிருக்கலாம். குழந்தைகளின் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்கக் கூடாது என்று சுவரைத் தடிப்பாகக் கட்டியிருந்தோம்.

இரண்டாம் நாள் இருட்டியபோது அவள் ஒத்துக்கொண்டாள். அதையும் சொல்லிவிட வேண்டும். "நான் பொய் சொன்னேன். அவன் எதுவும் கேக்கலை. நானாத்தான் தூக்கினேன். போதுமா? போன் பண்ணு" என்றாள். உதடு வெடித்திருந்தது. கையை நீட்டி என் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நான் வெகு நேரம் யோசித்தேன். ஏற்றுக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் இருந்த நிலையில் எதைக் கேட்டாலும் ஒத்துக்கொண்டிருப்பாள். நெருக்கி வாங்கிய சம்மதம் சம்மதம் இல்லை. நம் எல்லோருக்கும் பொதுவான விதி. என் விஷயத்தில் மட்டும் அதை வளைப்பது முறையாக இருக்காது. அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டுதான் நான் மருத்துவமனை வராந்தாவில் என் கணவரின் கடைசி இரவைக் கழித்தேன். அது நினைவில் இருந்தது. அதனால் மெதுவாகத்தான் எடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அவள் பதில் சொல்லவில்லை. ஏழு மணிக்குத் திரையைத் திறந்தேன்.

பிற்பகலில் தையல்காரர் தலையணை உறைகளைக் கொடுக்கப் போய், தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சாவி கேட்டு வந்தார். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சாவு வீட்டு வாசலிலேயே பேச்சு தொடங்கிவிட்டது. திரை திறந்தே கிடந்திருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை. "ராத்திரி மூடியிருந்த மாதிரி ஞாபகமுங்க" என்று தையல்காரர் சொன்னார். "முதல்ல உங்க கண்ணாடியை மாத்துங்க" என்று அவர் வாயை அடைத்தீர்கள். தையல்காரரே, உங்கள் கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் பார்த்தது சரி. இரவில் மூடியிருந்தது. காலையில் திறந்திருந்தது. ஒரு நாளும் தவறவில்லை.

போலீஸ்காரரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. வயதானவள் வழுக்கி விழுந்தாள் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். உங்களிடமும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் போன வாரம் இந்தத் தீர்மானத்தை அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒட்டியிருந்தீர்கள். கீழே எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. என் வரைபடத்தில் வாழ்கிறீர்கள். என் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். என் தம்பியின் பேரில் நான் கொண்டுவந்த ஒரே விதியை, அது வேலை செய்யவில்லை என்று சொல்லித் தூக்கி எறியப் பார்க்கிறீர்கள். சிஸ்டர் சிவப்பு தூக்கிய நாளில்கூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

விதி வேலை செய்தது. திரை மூடியிருந்தது. எதிர் வீட்டுக்காரர் போய்ப் பார்த்தார். விதி சொல்வது அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்தது எனக்கும் அவளுக்கும் நடுவே உள்ள விஷயம். அதற்காக மற்றவர்களின் பாதுகாப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அவசர மணிக்கு மின்சாரம் வேண்டும். விழுந்தவருக்குக் கை எட்ட வேண்டும். திரைக்கு ஒன்றும் வேண்டாம். உங்கள் மேல் அக்கறையுள்ள ஒருவர் எதிரே இருந்தால் போதும்.

கணக்கு டீச்சர், அழ வேண்டாம். குழந்தையை உள்ளே கூட்டிப் போகிறவர் கதவை மெதுவாகச் சாத்துங்கள். இன்னும் கூட்டம் முடியவில்லை.

என் திருத்தம் இதுதான்: திரை விதி இப்போது இருக்கிறபடியே தொடர வேண்டும். கடைசி வீட்டுக்கு அடுத்து வருகிறவருக்கும் அது பொருந்தும். அந்த வீட்டுச் சாவி வழக்கம்போல என்னிடமே இருக்கும். முதல் பச்சையை நான் தூக்குகிறேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். இனி நீங்கள் பேசலாம்.

"யாருக்காவது சிவப்பு இருக்கா?"